எல்லைக் காவலும் எழுத்துச் சோதனையும்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஏஞ்சல் தீவு என்றொரு சிறு தீவு உள்ளது. பசிபிக் கடல் வழியே அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வந்தவர்களைத் தடுத்து நிறுத்தி விசாரிக்கும் குடியேற்ற நிலையம் 1910 முதல் 1940 வரை அங்கே இயங்கியது. நிலையம் மூடப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1970ஆம் ஆண்டில், இடிப்பதற்கெனக் குறிக்கப்பட்டிருந்த அதன் மரக் கட்டடத்துக்குள் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் நுழைந்தார். சுவர்ப் பலகைகளில் சீன எழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அவை கவிதைகள். கரையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதை எட்ட இயலாமல் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டுக் கிடந்தவர்கள் எழுதிய கவிதைகள். கட்டடம் காக்கப்பட்டது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யுங் ஆகிய மூவர் அக்கவிதைகளைத் தொகுத்து 1980இல் நூலாக்கினர். இதுவரை இருநூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை.

அந்தத் தீவில் நடந்த விசாரணையின் தன்மை எண்ணிப் பார்க்கத்தக்கது. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவில் நுழைவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு வழி திறந்திருந்தது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் சான்பிரான்சிஸ்கோ நகரின் பிறப்புப் பதிவுகளை அழித்துவிட்டதால், இல்லாத தந்தைக்கு ஏட்டளவில் மகனாகிப் பலர் கப்பலேறினர். அதிகாரிகள் அவர்களிடம் ஊரின் அமைப்பைக் கேட்டார்கள். வீட்டு வாயிற்படிகள் எத்தனை, கிணறு எந்தத் திசையில், பக்கத்து வீட்டார் பெயர் என்ன என்று கேட்டார்கள். அதே கேள்விகளை உறவினரிடமும் தனியே கேட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். விடை பிசகினால் கப்பல் திரும்பிச் செல்லும். வந்தவர் யார் என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையையே துருவிப் படிப்பது என்னும் முறை அங்கே நன்கு வேரூன்றியது.

இன்று அந்தக் கேள்விகள் வேறு உருவம் கொண்டுள்ளன. கிணறு எந்தத் திசையில் என்று எவரும் கேட்பதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தச் சமூக ஊடகங்களில், எந்தெந்தப் பெயர்களில் எழுதினீர்கள் என்று விசாப் படிவம் கேட்கிறது. வீட்டைப் பற்றிய கேள்வி எழுத்தைப் பற்றிய கேள்வியாக மாறிய வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் கவிஞர்களும் எழுத்தாளர்களும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறார்கள்.

கருத்தைத் தடுத்த முதற் சட்டங்கள்

அமெரிக்கக் குடியரசு தோன்றிய சில ஆண்டுகளிலேயே அயலார் பற்றிய அச்சமும் தோன்றிவிட்டது. ஜான் ஆடம்ஸ் குடியரசுத் தலைவராக இருந்த 1798ஆம் ஆண்டில், ஆபத்தானவர் என்று கருதும் எந்த அயல்நாட்டவரையும் விசாரணையின்றி வெளியேற்றும் அதிகாரத்தை அவருக்கு வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் கருத்துகளோடும் அயர்லாந்துக் கிளர்ச்சிக் கருத்துகளோடும் வந்து சேர்ந்தவர்களே அதன் இலக்கு. இரண்டு ஆண்டுகளில் காலாவதியான அச்சட்டத்தின்படி ஒருவரும் வெளியேற்றப்படவில்லை. ஆயினும் சட்டம் விவாதத்தில் இருந்தபோதே வோல்னே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் கப்பலேறித் தாயகம் திரும்பினார். வேறு பல பிரெஞ்சுக்காரர்களும் அவ்வாறே புறப்பட்டனர். சட்டம் செய்யாத வேலையை அச்சம் செய்து முடித்தது. பின்னர் வந்த நூற்றாண்டுகளிலும் இவ்வுண்மை மாறவில்லை.

கருத்தின் பெயரால் ஒருவரை வாயிலிலேயே தடுக்கும் தெளிவான சட்டம் 1903இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1901 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி பஃபலோ நகரில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் தன்னை அரசின்மைக் கொள்கையன் என்று கூறிக்கொண்டான். அவன் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவன். எனினும் அரசின்மைக் கொள்கை உடைய அயல்நாட்டவர் எவரும் நாட்டினுள் வரலாகாது என்று சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் ஒருவனுடையது, தண்டனை வேறொரு கூட்டத்துக்கு. எல்லைச் சட்டங்கள் பிறக்கும் விதத்தை இந்நிகழ்ச்சி விளக்குகிறது எனலாம்.

அச்சட்டத்தில் முதலில் சிக்கியவர் ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேயத் தொழிற்சங்கவாதி. 1903 அக்டோபரில் நியூயார்க் நகரில் சொற்பொழிவாற்றி முடித்த வேளையில் அவர் கைதானார். எல்லிஸ் தீவில் அடைத்து வைக்கப்பட்டார். அவர் எவரையும் தாக்கியதில்லை. தாக்குமாறு எவரையும் தூண்டியதாகவும் வழக்கில்லை. அவர் வைத்திருந்த கொள்கையே வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதிட்ட வழக்கறிஞர் இருவர். ஒருவர் புகழ்பெற்ற கிளாரன்ஸ் டாரோ. மற்றவர் அவருடைய கூட்டாளியான எட்கர் லீ மாஸ்டர்ஸ். 1915இல் 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' என்னும் கவிதைத் தொகுப்பால் அமெரிக்கக் கவிதையில் நிலைத்த இடம்பெற்ற அதே மாஸ்டர்ஸ். இறந்தோர் தம் கல்லறையிலிருந்து தத்தம் கதையைச் சொல்லும்படி எழுதிய கவிஞர், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, உயிரோடிருக்கும் ஒருவரின் பேச்சுரிமைக்காக நீதிமன்றத்தில் நின்றார்.

1904 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது, வழக்கு தோற்றது. நாட்டினுள் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பது இறையாண்மையின் பகுதி என்றும், நுழைய உரிமையற்ற அயல்நாட்டவர் அரசியலமைப்பின் பேச்சுரிமையைத் துணைக்கு அழைக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. டர்னர் தீர்ப்புக்கு முன்பே நாடு திரும்பிவிட்டார். அந்தத் தீர்ப்பின் அடிக்கருத்து மட்டும் திரும்பிப் போகவில்லை.

கவிஞர்கள் ஏறிய பட்டியல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பனிப்போரின் கெடுபிடி மிகுந்த காலத்தில், 1952ஆம் ஆண்டு மெக்காரன்-வால்டர் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதைத் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். நாடாளுமன்றம் அம்மறுப்பையும் மீறி அதைச் சட்டமாக்கியது. பொதுவுடைமைக் கட்சியினர் மட்டுமின்றி, பொதுவுடைமைக் கருத்துகளை எழுதியவர், வெளியிட்டவர் ஆகியோரையும் தடுக்க அச்சட்டம் இடமளித்தது. விதிவிலக்கு வேண்டுவோர் தனியே விண்ணப்பித்து, அதிகாரிகளின் கருணைக்குக் காத்திருக்க வேண்டும்.

உலக இலக்கியத்தின் பெரும்பெயர்கள் பல இந்த வலையில் சிக்கின. 1966 ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் கூடிய பன்னாட்டு பென் எழுத்தாளர் மாநாட்டுக்குச் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா அழைக்கப்பட்டார். அவர் வெளிப்படையான பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர். பென் அமைப்பின் தலைவராக இருந்த நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் முதலியோரின் முயற்சியால் சிறப்பு விலக்குப் பெற்றே அவரால் நுழைய முடிந்தது. நியூயார்க்கில் அவர் கவிதை வாசித்த அரங்கு நிரம்பி வழிந்தது. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா சென்றதற்காக அவரைக் கண்டித்துக் கியூபாவின் எழுத்தாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுத் திறந்த மடல் வெளியிட்டனர். அம்மடல் நெரூதாவை ஆழமாகப் புண்படுத்தியது. ஒரு கவிஞரைத் தடுக்க விரும்பிய அரசும், அவர் சென்றதைக் குற்றமென்று கண்ட தோழர்களும் ஒன்றையே செய்தார்கள்: கவிதையைக் கேளாமல், கவிஞர் எந்தப் பக்கம் என்பதை மட்டும் பார்த்தார்கள்.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1961இல் கியூபச் செய்தி நிறுவனத்துக்காக நியூயார்க்கில் பணியாற்றியவர். அந்தத் தொடர்பின் நிழல் அவரைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. 1982இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் சாதாரணப் பயணிக்குரிய விசா அவருக்குக் கிடைக்கவில்லை. கட்டுப்பாடுகளோடு கூடிய அனுமதியே கிடைத்தது. பில் கிளின்டன் குடியரசுத் தலைவரான பிறகே தடை நீங்கியது. அவருடைய நாவல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தன. பாடத்தை எழுதியவர் வாயிலில் நின்றார்.

கனடா நாட்டு எழுத்தாளர் ஃபார்லி மோவாட்டின் கதை வேறுவிதமானது. கடல்வாழ் உயிரினங்களின் அழிவைப் பற்றித் தாம் எழுதிய நூலை அறிமுகப்படுத்த 1985 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லவிருந்தார். டொரான்டோ விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும், ஒருமுறை மட்டும் வர அனுமதி தருவதாகச் சொன்னார்கள். மோவாட் அதை ஏற்கவில்லை. அந்த அனுபவத்தையே நூலாக எழுதி அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

இவற்றினும் கூர்மையானது மார்கரெட் ராண்டலின் வழக்கு. 1936இல் நியூயார்க்கில் பிறந்த கவிஞர் அவர். மெக்சிகோவில் வாழ்ந்தபோது 1967இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். பின்னர்க் கியூபாவிலும் நிகராகுவாவிலும் வாழ்ந்து, 1984இல் தாயகம் திரும்பினார். முதுமையடைந்த பெற்றோர் அங்கே இருந்தனர். நிரந்தரமாகத் தங்க அவர் விண்ணப்பித்தபோது, 1985இல் குடியேற்றத் துறை அதை மறுத்தது. அவருடைய எழுத்துகளே மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. விசாரணையில் அவர் எழுதியவை சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. 1989இல் மேல்முறையீட்டு வாரியம் அவருக்குச் சாதகமாக முடிவு செய்தது. ஆனால் முடிவின் அடிப்படை எழுத்துரிமை அன்று. அவர் அமெரிக்கக் குடியுரிமையை ஒருபோதும் இழக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. கவிஞர் வென்றார், கவிதை குறித்த கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

கேட்போரின் உரிமை

இக்காலத்தில் எழுந்த சட்டக் கேள்விகளில் ஒன்று தனியே நோக்கத்தக்கது. பெல்ஜிய நாட்டு மார்க்சியப் பொருளியலாளர் எர்னெஸ்ட் மாண்டல் 1969இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் பேச அழைக்கப்பட்டார். விசா மறுக்கப்பட்டது. இம்முறை வழக்குத் தொடுத்தவர்களில் அமெரிக்கப் பேராசிரியர்களும் இருந்தனர். அயல்நாட்டவருக்கு நுழையும் உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் பேச்சைக் கேட்கும் உரிமை இந்நாட்டுக் குடிமக்களாகிய எங்களுக்கு உண்டல்லவா என்பது அவர்கள் வாதம். 1972இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. கேட்போருக்கு அப்படியோர் உரிமை உண்டென்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் அரசு நேர்மையான காரணம் ஒன்றை முகப்பளவில் காட்டினாலே போதும். அதற்குமேல் நீதிமன்றம் துருவாது என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர்.

தீர்ப்பு எதுவாயினும், கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. எழுத்தாளர் ஒருவர் எல்லையில் தடுக்கப்படும்போது இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. அரங்கில் காத்திருப்போருக்கும் அது இழப்பே.

பனிப்போர் தளர்ந்தபோது சட்டமும் தளர்ந்தது. அமெரிக்காவுக்குள் ஒரு குடிமகன் சட்டப்படி கொள்ளத்தக்க நம்பிக்கை, சொல்லத்தக்க கருத்து, சேரத்தக்க அமைப்பு ஆகியவற்றுக்காக ஓர் அயல்நாட்டவரை அயலுறவுக் காரணம் காட்டித் தடுக்கலாகாது என்று 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கூறியது. நாட்டின் அயலுறவு நலன் கட்டாயப்படுத்துகிறது என்று வெளியுறவு அமைச்சரே நேரில் முடிவு செய்தால் மட்டும் விலக்கு. நெரூதா மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது. 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பின் நிலைமை மீண்டும் மாறியது. பயங்கரவாதத்தை ஆதரித்துப் பேசுவோரைத் தடுக்கும் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் தாரிக் ரமதானின் விசா 2004இல் நீக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அறிஞர் ஆடம் ஹபீபும் பின்னர்த் தடுக்கப்பட்டார். இருவர் மீதிருந்த தடையையும் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் 2010 ஜனவரியில் விலக்கினார்.

பட்டியலிலிருந்து வலைக்கு

இதுவரை கண்டவற்றில் தடுக்கப்பட்டோர் அனைவரும் பெயர் பெற்றவர்கள். அவர்களைப் பற்றி எங்கோ ஒரு கோப்பு இருந்தது. கோப்பை ஒரு மனிதர் எழுதினார், இன்னொருவர் படித்தார். சமூக ஊடகம் வந்தபின் இந்த எல்லை அழிந்தது. ஒவ்வொரு பயணியும் தம்மைப் பற்றிய கோப்பைத் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

2015 டிசம்பர் 2ஆம் நாள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து சுட்டதில் 14 பேர் உயிரிழந்தனர். மனைவி மணமகளுக்குரிய விசாவில் வந்தவர். அவர் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகவே வன்முறையை ஆதரித்து எழுதியிருந்தார், அதிகாரிகள் அதைப் பார்க்கத் தவறினர் என்று செய்தி பரவியது. எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி இரு வாரங்களில் அதைத் திருத்தினார். அவை இருவருக்கிடையே நடந்த தனிமடல்கள். பொதுவில் எழுதப்பட்டவை அல்ல என்றார். திருத்தம் வருவதற்குள் கோரிக்கை வலுப்பெற்றுவிட்டது. உயிரிழந்தோரின் துயரம் உண்மை. மக்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டென்பதும் உண்மை. ஆனால் எடுத்த நடவடிக்கைக்குக் காட்டப்பட்ட காரணம் தவறான செய்தியாக இருந்தது.

விசா தேவைப்படாத நாடுகளின் பயணிகளிடம் அவர்களுடைய ஊடகக் கணக்குகளை விருப்பத்தின்பேரில் கேட்கும் வழக்கம் 2016 டிசம்பரில் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்திய முன்னோட்டச் சோதனைகளை ஆராய்ந்த அத்துறையின் தலைமை ஆய்வாளர், அவை வெற்றியா தோல்வியா என்று அளக்கவே அளவுகோல் வகுக்கப்படவில்லை என்று 2017இல் அறிக்கை தந்தார். அதே ஆண்டில், வருவோர் நாட்டுக்கு நன்மை செய்வாரா, தீங்கு செய்வாரா என்று அவர் எழுத்தைக்கொண்டு கணினியே கணிக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. அப்படிக் கணிக்கக் கணினியால் இயலாது என்று 54 அறிவியலாளர்கள் எழுத்து மூலம் எச்சரித்தனர். 2018இல் கணினிக் கணிப்புப் பகுதி கைவிடப்பட்டது.

2019 மே இறுதியில் கேள்வி கட்டாயமாயிற்று. ஏறத்தாழ எல்லா விசா விண்ணப்பதாரர்களும் ஐந்து ஆண்டுக் காலத்தில் தாம் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களைத் தர வேண்டும் என்று வெளியுறவுத் துறை ஆணையிட்டது. ஆண்டுக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இது தொடும் என்பது அத்துறையின் மதிப்பீடு. இருபது தளங்கள் கொண்ட பட்டியலில், அப்போதே மூடப்பட்டுவிட்ட வைன், கூகுள் பிளஸ் ஆகியவையும் இடம்பெற்றிருந்தன. ஆவணப்பட அமைப்புகள் இரண்டு அவ்வாண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தன. தம் உறுப்பினர்கள் எழுதுவதையே குறைத்துக்கொண்டார்கள், பழைய பதிவுகளை அழித்தார்கள் என்பது அவற்றின் முறையீடு. 2023 ஆகஸ்டில் கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

அடுத்து வந்தது 2025ஆம் ஆண்டு. மாணவர் விசாவும் பரிமாற்ற விசாவும் கோருவோர் தம் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று ஜூனில் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி பணியாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அது விரிக்கப்பட்டது. அதன் விளைவாக இந்தியாவில் பலருடைய நேர்காணல் நாள்கள் மாதக்கணக்கில் தள்ளிப் போயின. விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் வேலைக்குத் திரும்ப முடியாமல் நின்றார்கள். அதே டிசம்பரில், விசா தேவையில்லாத 42 நாடுகளின் பயணிகளுக்கும் அக்கேள்வியைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு வெளியிடப்பட்டது. 2021இல் அதே போன்றதொரு முன்மொழிவை, பயன் போதிய அளவு நிறுவப்படவில்லை என்று சொல்லி அரசின் மேலாய்வு அலுவலகமே ஏற்க மறுத்திருந்தது.

விமான நிலையத்தில் நடக்கும் சோதனை இதனினும் வேறானது. அங்கே கைப்பேசியையே திறந்து பார்க்கும் அதிகாரம் சுங்க எல்லைக் காவல் துறைக்கு உண்டு. 2018 ஜனவரியில் வெளியான விதிகளின்படி, கையால் புரட்டிப் பார்க்க ஐயம் எதுவும் தேவையில்லை. கருவி கொண்டு படியெடுத்து ஆராய, நியாயமான ஐயமோ தேசியப் பாதுகாப்புக் கவலையோ வேண்டும். 2024 நிதியாண்டில் ஏறத்தாழ 47,000 கருவிகள் சோதிக்கப்பட்டன. வந்து போன கோடிக்கணக்கானோரில் இது மிகச் சிறு பகுதி என்று துறை சொல்கிறது. அது கணக்களவில் சரியே. ஆனால் வோல்னேயின் காலத்தில் வெளியேற்றப்பட்டோர் எண்ணிக்கை அதனினும் சிறியது, அது சுழியம்.

சொல்லும் பொருளும்

எழுத்தை வைத்து மனிதரை அளப்பதில் உள்ள இடர், எழுதுவோருக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று. 2012 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த இளையோர் இருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்காவை அழிக்கப் போவதாக அவர்களில் ஒருவர் ட்விட்டரில் எழுதியிருந்தார். அவர் ஊர் வழக்கில் அச்சொல்லுக்குக் களித்துக் கொண்டாடுவது என்று பொருள். மர்லின் மன்றோவின் கல்லறையைத் தோண்டப் போவதாகவும் ஒரு வேடிக்கை வரி இருந்தது. அது ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த நகைச்சுவை. இரு நாட்டுக்கும் ஒரே மொழி. அதே மொழிக்குள்ளேயே பொருள் இப்படித் தவறியது.

2019 ஆகஸ்டில் லெபனானிலிருந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர வந்த பாலஸ்தீன மாணவர் ஒருவர் பாஸ்டன் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். நண்பர்கள் எழுதியவற்றைக் காட்டித் தம்மிடம் கேட்டதாக அவர் கூறினார். தாம் எழுதியதற்கு மட்டுமன்றி, தம் கண்ணில் பட்டதற்கும் பொறுப்பேற்க வேண்டிய நிலை அது. எதிர்ப்பு வலுத்தபின் சில நாள்களில் அவர் அனுமதிக்கப்பட்டார்.

அகதிகளின் பதிவுகளை மொழிபெயர்க்கக் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்துமாறு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் உள்கையேடு ஒன்று கூறியதாகப் புலனாய்வு இதழ் ஒன்று 2019இல் வெளிப்படுத்தியது. தமிழில் எழுதுவோர் இதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது. புகழ்வதுபோல் பழிப்பதற்கும், பழிப்பதுபோல் புகழ்வதற்கும் வஞ்சப்புகழ்ச்சி என்று அணியிலக்கணம் பெயர் வைத்த மொழி இது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் உள்ளுறையும் இறைச்சியும் இதன் கவிதைக்கு அடிப்படை. தலைவனைக் கொடியவன் என்று தோழி இயற்பழிப்பாள். அது வெறுப்பின் சொல் அன்று என்பது திணையறிந்தவருக்குத் தெரியும். திணையும் கூற்றும் அறியாத ஒரு கருவியின் முன் அச்சொல் வெறும் வசையாகவே நிற்கும்.

புனைபெயரும் அவ்வாறே. தமிழ்க் கவிஞர்களில் புனைபெயர் பூணாதவர் குறைவு. மனைவியின் பெயரிலும் மகளின் பெயரிலும் ஊரின் பெயரிலும் எழுதுவது நெடுங்கால மரபு. அரசு அலுவலில் இருப்பவரும், குடும்பத்தார் அறியாமல் எழுதும் பெண்ணும் அந்தப் பெயரின் நிழலில் நின்றே எழுதினர். விசாப் படிவம் கேட்பது அந்தப் பெயர்களைத்தான். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வாயிலில் கோப்பும் கையுமாக நிற்கும் வரிசையில், பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் முதியவரும், மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் கவிதை எழுதுபவராகவும் இருக்கக்கூடும். மறைத்தால் பொய்யர், சொன்னால் அந்தப் பெயர் இனிப் புனைபெயர் அன்று.

எஞ்சி நிற்பவை

இவ்வரலாற்றில் அரசின் பக்கத்து நியாயத்தைப் புறக்கணிக்க இயலாது. வாயிலைக் காப்பது எந்த அரசுக்கும் உரிய தொழில். கொலை செய்யத் திட்டமிட்டதைப் பொதுவில் எழுதி வைப்பவன் ஒருவன் இருந்தால், அதைப் படிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லார். கேள்வி அதுவன்று. தீங்கு செய்ய வந்தவனைத் தேடும் கண்ணும், பிடிக்காத கருத்தைத் தேடும் கண்ணும் ஒரே கண்ணாகிவிடுவதே இடர். 1903 முதல் நடந்தவை அனைத்தும் இந்த இரண்டாவதன் பக்கமே சாய்ந்தன. மெக்கின்லியைக் கொன்றவனைத் தடுத்திருக்க இயலாத சட்டம், சொற்பொழிவாற்றிய டர்னரைத் தடுத்தது. நெரூதாவிடமிருந்தும் மார்க்கேஸிடமிருந்தும் அமெரிக்காவைக் காத்ததால் எவர் உயிரும் காக்கப்படவில்லை.

நீதிமன்றங்களின் குரலும் ஒரே சுருதியில் இல்லை. அயல்நாட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் அவர்கள் பேசியதற்காகக் கைது செய்து வெளியேற்ற முயன்ற கொள்கை பேச்சுரிமைக்கு முரணானது என்று 2025 செப்டம்பர் 30ஆம் நாள் பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். அது நாட்டுக்குள் இருப்போரைப் பற்றிய தீர்ப்பு. வாயிலில் நிற்பவருக்கு 1904இன் தீர்ப்பே இன்னும் நிழலாடுகிறது.

ஆனால் எவரும் கணக்கெடுக்க இயலாத இழப்பு ஒன்று உண்டு. தடுக்கப்பட்ட பயணிகளை எண்ணலாம். திறக்கப்பட்ட கைப்பேசிகளை எண்ணலாம். விசா நேர்காணலுக்கு முன்னிரவில் ஒருவர் அழித்துவிட்ட கவிதையை எவர் எண்ணுவார்? எழுதத் தொடங்கி, மகனின் படிப்பை எண்ணி, பாதியில் நிறுத்திய வரியை எந்த அறிக்கையும் பதிவு செய்யாது. தணிக்கை அலுவலர் ஒருவர் சிவப்பு மையால் அடித்த சொல்லையாவது வரலாறு பின்னர் மீட்டெடுக்கிறது. எழுதியவரே அடித்த சொல் அடித்ததுதான்.

ஏஞ்சல் தீவின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே அடைபட்டவர்களிடம் கேள்விகள் கேட்டவர்கள் அவர்கள் எழுதியதைப் படிக்கவில்லை. சுவரில் தோன்றிய எழுத்துகளைக் கிறுக்கல் என்று எண்ணி, மக்குக் கொண்டு அடைத்து வண்ணம் பூசி மறைத்தார்கள். மரத்தில் ஆழச் செதுக்கியிருந்ததால் அவை அழியாமல் நின்றன. அரசு படிக்காத அந்தக் கவிதைகள் அறுபது ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தன. இன்றோ வாயிலில் எல்லாமே படிக்கப்படுகின்றன. படிக்கப்படும் என்று தெரிந்த பிறகும் செதுக்கப்படும் எழுத்து எவ்வளவு, செதுக்காமல் கைவிடப்படும் எழுத்து எவ்வளவு என்பதைப் பொறுத்தே இக்காலத்தின் இலக்கிய வரலாறு எழுதப்படும்.